என்ஜின் தனியாக வருவதில்லை

பிரிட்டனின் ஏசி கார்ஸ் நிறுவனம் தயாரித்த 'ஏஸ்' சிறிய, எடை குறைந்த, கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு வந்துகொண்டிருந்த 2 லிட்டர், ஆறு சிலிண்டர் பிரிஸ்டல் என்ஜினின் தயாரிப்பு 1960களின் தொடக்கத்தில் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து அமெரிக்கப் பந்தய வீரர் கேரல் ஷெல்பி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: V வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட ஒரு வி8 என்ஜின் உட்காரும்படி அந்தக் காரை மாற்றித் தர முடியுமா? போர்டு நிறுவனத்திடம் அப்போது சுவர் மெல்லியதாக வார்க்கப்பட்ட, அளவுக்கு எடை குறைந்த 4.3 லிட்டர் வி8 புதிதாக வந்திருந்தது. 1962இல் என்ஜின் இல்லாத ஏசி கார் ஒன்று அமெரிக்காவில் வந்து இறங்கியது. சில மணி நேரத்தில் வி8 உள்ளே உட்கார்ந்தது. கோப்ரா பிறந்தது.

எல்லோரும் சொல்லி வியப்பது அந்தச் சில மணி நேரத்தை. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகள். பின் பிரேக்குகள், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து தரும் டிபரன்ஷியல் அருகிலிருந்து சக்கரங்களுக்கு இடம் மாறின. ஸ்டீயரிங் அமைப்பு மாறியது. 7 லிட்டர் என்ஜின் வந்தபோது காரின் பழைய அடிச்சட்டம் தாங்காது என்று தெரிந்து, 1965இல் அந்தச் சேசிஸையே புதிதாக வடிவமைத்தார்கள். என்ஜினை மாற்றப் போய்க் காரையே மாற்றினார்கள்.

இன்றும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் விருப்பப்படி கட்டி, வேறொரு காரின் என்ஜினை அதில் பொருத்துபவர்கள் இதே பாதையில்தான் நடக்கிறார்கள். என்ஜின் தன்னோடு மூன்று சுமைகளைக் கொண்டுவருகிறது: முறுக்குவிசை, வெப்பம், அதிர்வு. 1980களுக்குப் பிந்தைய என்ஜின் என்றால் நான்காவதாகச் சில எதிர்பார்ப்புகளும் உண்டு. தன்னைச் சுற்றி எந்தெந்த உணரிகள் இருக்க வேண்டும், அவை என்ன பேச வேண்டும் என்று அதன் கணினி எண்ணி வைத்திருக்கும்.

முதலில் இடம். லிட்டர் கணக்கைப் பார்த்து என்ஜினின் உடல் அளவை ஊகிப்பது ஏமாற்றம் தரும். 1997இல் கார்வெட் காரில் அறிமுகமான ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 என்ஜின் 5.7 லிட்டர் கொண்டது. ஆனால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் இரு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே, சிலிண்டர்களைக் கொண்ட பிளாக்கின் வயிற்றில். வரிசைக்கு இரண்டு கேம் என்று தலையில் சுமக்கும் வி8கள், லிட்டரில் சிறியவையாக இருந்தாலும், அகலத்திலும் உயரத்திலும் இதை மிஞ்சிவிடும். எல்எஸ்1இன் பிளாக்கும் அலுமினியம். பழைய பாணி என்று சிலர் கேலி செய்த அமைப்புதான் அதை எந்தச் சிறிய காருக்குள்ளும் நுழையவைத்தது.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது, எங்கே உட்காருகிறது என்பதும் கணக்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ என்ஜினை 10 சென்டிமீட்டர் பின்னே தள்ளினால், நெம்புகோல் விதிப்படி ஏறத்தாழ 9 கிலோ சுமை முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்கு மாறும். சிறிய எண்தான். ஆனால் என்ஜினின் எடை காரின் நடுவை நெருங்க நெருங்க, வளைவில் காரைத் திருப்புவதும் திரும்பிய காரை நேராக்குவதும் எளிதாகும். நுனியில் கனம் கட்டிய கோலைச் சுழற்றிப் பாருங்கள், பிறகு அதே கனத்தை நடுவில் கட்டிச் சுழற்றுங்கள், கை சொல்லிவிடும். ஓட்டுநரின் காலுக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரை வெட்டி, என்ஜினை உள்ளே நகர்த்த இவ்வளவு பாடுபடுவது இதனால்தான்.

அடுத்தது என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் போல்ட் வேலை. உள்ளே இருப்பவருக்கோ முழு வேலையிலும் மிக நுட்பமான இடம். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்றால் போல்ட் துளைகள் பொருந்தாது. நடுவே ஓர் இணைப்புத் தகடு கடைந்தெடுக்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாப்டின் மைய அச்சும் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் அச்சும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். வழக்கமாக ஏற்கும் பிழை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனோடு ஒப்பிடத்தக்க அளவு அது. அதைத் தாண்டினால் கார் ஓடாமல் நிற்காது, நன்றாகவே ஓடும். சில மாதங்களில் பேரிங் முனகத் தொடங்கும், கிளட்ச் ஒட்டிக்கொள்ளும், கியர் விழ மறுக்கும். தகட்டைத் துளையிட்டு மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவரை நம்பாதீர்கள். டயல் அளவுமானியை, கிராங்கின் முனையிலுள்ள கனத்த சக்கரமான பிளைவீலில் பொருத்தி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பவர்தான் வேலை தெரிந்தவர்.

தகட்டின் தடிமனிலும் ஒரு பொறி உண்டு. தகடு தடித்தால் கியர்பாக்ஸ் அந்த அளவுக்குப் பின்னே போகும். தண்டின் நுனி கிராங்கின் முனையிலுள்ள சிறு பேரிங்கை எட்டாது. மெலிந்தால் கிளட்ச் தட்டுக்கு இடமிருக்காது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். கியர்பாக்ஸ் மத்தள ஜாதி. ஒரு பக்கம் என்ஜின் முறுக்குகிறது. மறுபக்கம் தரையைக் கவ்விய டயர் எதிர்த்து முறுக்குகிறது.

அந்த எதிர்முறுக்கை எண்ணில் பார்க்கலாம். என்ஜின் 450 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியரின் விகிதம் 2.66 என்று கொள்வோம். கியர்பாக்ஸிலிருந்து வெளிவருவது ஏறத்தாழ 1,200 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு என்பதால் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த தொகுதி அதே 1,200ஆல் மறுபக்கம் உருளப் பார்க்கும். அதை அடக்குவது இரண்டு மூன்று ரப்பர் மவுண்ட்கள். அவற்றைக் கல் போலக் கெட்டியாக்கினால் என்ஜின் அசையாது, ஆனால் ஓட்டுநரின் பற்கள் ஆடும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா நிற்கும்போதே விநாடிக்கு ஏறத்தாழ 27 முறை அதிரும். மவுண்ட்களின் மேல் என்ஜின் இயல்பாக ஆடும் வேகம் அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால்தான் அதிர்வு உடலுக்குக் கடத்தப்படாமல் அடங்கும். இளகிய ரப்பர் அதிர்வைத் தின்னும். இறுகிய ரப்பர் என்ஜினைப் பிடிக்கும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

இனி டயர். பின் அச்சிலுள்ள கிரௌன் பினியன் என்னும் பற்சக்கர இணையின் விகிதம் 4.1 என்றால் 1,200 இப்போது 4,900 ஆகிறது. சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர். ஆக, டயர் தரையைத் தள்ள முயலும் விசை 16,000 நியூட்டனைத் தாண்டும். கார் 1,000 கிலோ, அதில் பாதி பின்னே என்றால், பின் டயர்களை அழுத்தும் எடை ஏறத்தாழ 4,900 நியூட்டன். கிளம்பும்போது எடை பின்னே சாய்வதைச் சேர்த்தாலும், சாதாரணச் சாலை டயர் 16,000இல் பாதியைக்கூடத் தரைக்குக் கடத்தாது. மீதி புகையாகப் போகும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல, உராய்வுக் குணகம்.

ஆகவே பல கட்டுநர்கள் கிரௌன் பினியனை மாற்றுகிறார்கள். சிறிய என்ஜின் வேகமாகச் சுற்றித்தான் திறன் தரும், அதற்கு 4.1 பொருத்தம். பெரிய என்ஜினுக்கு 3.3 போதும். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், என்ஜினும் வெளித் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 4.1 விகிதம் என்ஜினை 3,600 சுற்றில் கத்தவைக்கும். 3.3 அதை 2,900க்கு இறக்கிவிடும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டுகள் இருக்கும். இந்த மூட்டு சாய்ந்து சுற்றும்போது, உள்ளே சீரான வேகம் கொடுத்தாலும் வெளியே வருவது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 10 பாகை சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். அதைத் தீர்க்கும் வழி அழகானது: மறுமுனை மூட்டையும் அதே கோணத்தில் எதிராக வைத்தால், முதல் மூட்டு செய்த தவற்றை இரண்டாவது நேர்செய்துவிடும். அதாவது கியர்பாக்ஸின் தண்டும் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். என்ஜின் மூடியில் இடிக்கிறதே என்று முன்பக்கத்தை மட்டும் சற்று இறக்கியவர், மணிக்கு 80 கி.மீ. தாண்டியதும் இருக்கையில் ஒரு நடுக்கத்தை உணர்ந்து சக்கரங்களைச் சமன்செய்யப் போவார். குற்றவாளி அங்கே இருக்க மாட்டான்.

என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைக்க விரும்புவோருக்கு இரு வழிகள். முன்சக்கர இயக்கக் காரின் என்ஜின், கியர்பாக்ஸ், டிபரன்ஷியல் மூன்றையும் ஒரே கட்டாகக் கழற்றி அப்படியே பின்னே வைப்பது எளிய வழி. ஹோண்டாவின் கே20 என்ஜினைக் கொண்ட ஏரியல் ஆட்டம் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அந்த வகைதான். இன்னொன்று, வோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற பின்புற என்ஜின் காரின் கியர்பாக்ஸை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்துவது. திருப்பியதும் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றும்! உள்ளேயுள்ள கிரௌன் சக்கரத்தைப் பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். மறந்தவருக்குக் கிடைப்பது நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரு முன்னோக்கு கியரும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்.

மோட்டார் சைக்கிள் என்ஜின்களைக் காரில் வைப்பதும் உண்டு. 1999இல் வந்த சுசூகி ஹயபூசாவின் 1.3 லிட்டர் என்ஜின் மிகச் சிறியது, எடையும் குறைவு. அதிலுள்ள சிக்கலை இயற்பியல் ஆசிரியர்கள் விரும்புவார்கள். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். சாய்வதால் என்ஜினுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு வளைவே தெரியாது. கார் சாயாது. புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தில் காரின் எண்ணெய் மட்டம் 45 பாகை ஏறி நிற்கும். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் தொங்கும். பம்பு காற்றை விழுங்கினால் சில விநாடிகளில் பேரிங் கருகும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளும் ஒருவழிக் கதவுகளும் வைக்கலாம். அல்லது எண்ணெயை உடனுக்குடன் உறிஞ்சியெடுத்து, உயரமான தனித் தொட்டியில் சேர்த்துத் திரும்பத் தரலாம். பந்தயக் கார்களின் வழி இதுதான்.

வெப்பத்தைப் பற்றி ஒரு கேள்வி போதும். எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு குளிர்ப்பு நீருக்கு வருகிறது. முழு வேகத்தில் 200 கிலோவாட் தரும் என்ஜின் ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டரிடம் ஒப்படைக்கும். குதிரைத்திறனைச் சொல்லிப் பெருமைப்படுபவரிடம் நான் கேட்பது இதுதான்: ரேடியேட்டருக்குள் போன காற்று எந்த வழியாக வெளியேறுகிறது? என்ஜின் அறை முழுக்க அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். முன்னே காற்று வந்து மோதினாலும் ரேடியேட்டரை ஊடுருவாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வாங்கினாலும் பயனில்லை.

மின்னணுவியல் வேறு விதத் தலைவலி. பரவலான ஓர் அமைப்பில், கிராங்கோடு சுற்றும் ஒரு சக்கரத்தின் விளிம்பில் 60 பற்களுக்கு இடமிருந்தும் 58 பற்களே இருக்கும். அந்த இடைவெளி உணரியைக் கடக்கும்போது, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினி புரிந்துகொள்ளும். பல என்ஜின்களில் இந்தப் பல்சக்கரம் பிளைவீலிலேயே இருக்கிறது. கியர்பாக்ஸுக்காகப் பிளைவீலை மாற்றினால் என்ஜினின் கண்ணைப் பிடுங்கியதாகிவிடும். கண் இருந்தும் கிளம்பாமல் போகலாம்: பழைய காரின் சாவியிலிருந்து வர வேண்டிய திருட்டுத் தடுப்புச் செய்தி வரவில்லை என்று கணினி எரிபொருளை நிறுத்தி வைத்திருக்கும். சிலர் பழைய காரின் வயர்களையும் சாவியையும் மீட்டர் பலகையையும் சேர்த்தே கழற்றிவருகிறார்கள்; சிலர் நிரல் எழுதக்கூடிய தனிக் கணினியை வைத்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்பிக்கிறார்கள்.

கோப்ராவின் சட்டத்துக்குத் திரும்புவோம். ஏணி போன்ற அந்தச் சேசிஸின் இரு முக்கியக் குழாய்கள் 3 அங்குல விட்டம் கொண்டவை. 1965இல் அவை 4 அங்குலமாயின. ஒரே சுவர்த் தடிமனில் குழாயின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஓர் அங்குலம் கூட்டியதற்கு விறைப்பு 2.4 மடங்கு. சட்டம் முறுக்கிக்கொண்டால் சஸ்பென்ஷன் எவ்வளவு நன்றாக இருந்தும் சக்கரம் எந்தக் கோணத்தில் தரையைத் தொடுகிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எல்லாம் பொருந்திய பிறகும் உடனே சாவியைத் திருப்புவதில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் மீட்டரில் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுவார்கள். குளிர்ப்பு நீரில் சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள். ஒவ்வொரு போல்டின் தலையிலும், அது உட்கார்ந்திருக்கும் உலோகத்திலும் சேர்ந்தாற்போல் வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு காரின் அடியில் படுத்து, எந்தக் கோடு முறிந்திருக்கிறது என்று தேடுவார்கள்.