பழைய லேத்தின் பெட்டில் எமரி போடாதீர்கள்

மறுபடியும் ஒரு லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வந்திருக்கிறது. வாங்கியபோது மேலோட்டமாகத் துரு பிடித்திருந்ததே தவிர பெட் (மற்ற பாகங்கள் உட்காரும் நீளமான வார்ப்பிரும்பு அடித்தளம்) நன்றாகத்தான் இருந்திருக்கும். வாங்கியவர் ஆங்கிள் கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் (தேய்ப்புத்துணி அடுக்கிய வட்டு) மாட்டி, முகம் தெரிகிற அளவுக்குப் பெட்டைத் தேய்த்துவிட்டார். இப்போது "டேப்பர் அடிக்குது, என்னன்னு பாருங்க" என்கிறார், அதாவது கடைந்த ராட் ஒரு முனையில் பெருத்தும் மறுமுனையில் சிறுத்தும் வருகிறதாம். இதே வேலையைச் செய்துவிட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போவதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

பெட் மின்னுவதற்கும் நேராக இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சேடில் (வெட்டும் டூலைத் தாங்கி நகரும் பாகம்) பெட்டின் மேல் எந்தக் கோட்டில் ஓடுகிறதோ, அதே கோட்டைத்தான் டூல் வெட்டும். பல வருடம் ஓடிய மெஷினில் சக்குக்கு (ராடைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பான்) அருகே உள்ள பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். பெரும்பாலான வேலை அங்கேதான் நடந்திருக்கும். டெயில்ஸ்டாக் (ராடின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) இருக்கும் கடைசியில் பெட் ஏறக்குறைய புதிதாக வந்தபடியே இருக்கும். தேய்ந்த பகுதியை அளக்கவும் பிற்பாடு சரிசெய்யவும் அந்தத் தேயாத பகுதிதான் ஆதாரம். எமரி (தேய்ப்புத்தாள்) போடுகிறவர் பள்ளத்தை நிரப்பவில்லை. பள்ளத்தையும் தேய்க்கிறார், மேட்டையும் தேய்க்கிறார், ஆதாரத்தையும் சேர்த்து அழிக்கிறார். கையால் தேய்க்கும்போது ஓரங்கள் வேறு உருண்டுவிடும். உதிர்ந்த எமரித் தூள் வார்ப்பிரும்பில் பதிந்து, சேடிலுக்கு அடியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு சேடில் நகரும் ஒவ்வொரு முறையும் பெட்டை அரைத்துக்கொண்டே போகும்.

"தேய்மானம் ஒரு 0.1 மி.மீ.தானே சார்" என்பார்கள். எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும். 25 மி.மீ. ராடில் டூல் நேர்கீழாக 0.1 மி.மீ. இறங்கினால் விட்டத்தில் 0.001 மி.மீ. வித்தியாசம்கூட வராது. அதே டூல் பக்கவாட்டில் 0.05 விலகினால் விட்டத்தில் முழுசாக 0.1 ஏறிவிடும். முன்பக்க வி வடிவ வே (சேடில் ஓடும் தடம்) தேயும்போது சேடில் இறங்குவதோடு நிற்காது. முன்னால் சாய்ந்து, டூலை வேலையிலிருந்து விலக்கிவிடும். தொல்லை அங்கிருந்துதான் வருகிறது.

உண்மையான வைத்தியம் பெட் கிரைண்டிங் அல்லது ஸ்க்ரேப்பிங் (கையால் மெல்லச் சுரண்டிச் சமன்செய்வது). பெட்டில் 0.3 மி.மீ. எடுத்தால் சேடிலும் டெயில்ஸ்டாக்கும் அவ்வளவு இறங்கும். ஏப்ரனும் (சேடிலின் முன்பலகை) லீட் ஸ்க்ரூவும் (சேடிலை நகர்த்தும் நீண்ட திருகு) ஒரே கோட்டில் இருக்காது, சேடிலை நகர்த்தும் பினியன் (சிறு பல்சக்கரம்) ரேக்கில் (பல்பட்டை) உட்காரும் ஆழம் மாறும். அதையெல்லாம் ஈடுகட்ட சேடிலுக்கு அடியில் டர்சைட் (வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டி, மறுபடி ஸ்க்ரேப் செய்ய வேண்டும். வீட்டுப் பட்டறை லேத்துக்கு இந்தச் செலவு பெரும்பாலும் மெஷினின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே பார்க்க வேண்டியதை வாங்கும் முன்பே பாருங்கள்.

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பெட்டின் வே மேல் விரல்நகத்தைக் குறுக்காக இழுங்கள். சேடில் படாத ஓரத்தில் படி போலத் தட்டினால் அதுதான் தேய்மானம். அடுத்து, சேடிலைச் சக் அருகே கொண்டுவந்து, கொஞ்சம் பிடித்தபடி நகரும் அளவுக்கு சேடில் லாக்கை இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். கடைசிவரை ஒரே மாதிரி வந்தால் நல்ல பெட். பாதி வழியில் இறுகி நின்றுவிட்டால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். லீட் ஸ்க்ரூவில் சக் பக்கத்துப் பல்லையும் கடைசிப் பல்லையும் ஒப்பிடுங்கள். தேய்ந்த பல்லின் நுனி மெலிந்திருக்கும்.

ஸ்பிண்டிலை, அதாவது சக்கைச் சுழற்றும் தண்டை, சோதிக்க அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜைச் சக்கில் வைக்காதீர்கள், சக்கின் தவறும் சேர்ந்து காட்டும். ஸ்பிண்டிலின் உள்ளே கூம்பாக இருக்கும் டேப்பரைத் துடைத்துவிட்டு அங்கே வையுங்கள். கையால் சுற்றும்போது முள் 0.01 மி.மீ.க்குள் ஆடினால் நிம்மதி. பிறகு கேஜை ஸ்பிண்டில் மூக்கின் மேல் வைத்து, சக்கில் ஒரு கட்டையைப் பிடித்து மேலே நெம்புங்கள். டேப்பர் ரோலர் பேரிங் என்றால் முள் அசையக்கூடாது என்றே சொல்லலாம். வெண்கல புஷ் என்றால் 0.03 வரை இருக்கும், எண்ணெய்ப் படலத்துக்கு அந்த இடம் வேண்டும். கடைசியாக அதிக வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி, மெஷினை நிறுத்தி, ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டி) பேரிங் இருக்கும் இடத்தில் கை வையுங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் யோசியுங்கள்.

க்ராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்காக நகர்த்தும் பாகம்) ஹேண்டில் கால் சுற்று சும்மா சுற்றுகிறது என்று நல்ல லேத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் பலர். அது பேக்லாஷ், திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு. உள்ளே இருக்கும் வெண்கல நட்டை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கியர் செட் குறைகிறதா, ஸ்டெடி, நாலு ஜா சக், ஃபேஸ் பிளேட் என்று துணைக்கருவிகள் எல்லாம் வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பது அதைவிட முக்கியம். பழைய மாடலுக்கு ஒற்றை கியர் தேடுவது பெரும்பாடு.

ஏற்றி இறக்கும்போது லீட் ஸ்க்ரூவிலோ ஸ்பிண்டிலிலோ பெல்ட் போட்டுத் தூக்காதீர்கள். பெட்டுக்கு அடியில் பெல்ட் போட்டு, சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளி இறுக்கிவிட்டுத் தூக்குங்கள். பாரம் முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கமும் மேலேயும் இருப்பதால் லேத் சட்டென்று கவிழும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். பெட்டின் துருவுக்கு மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். கறை தங்கினால் தங்கட்டும், கறை அளவைக் கெடுக்காது. அடிபட்டுப் பிதுங்கிய இடத்தில் மட்டும் மெல்லிய ஆயில் ஸ்டோனைத் தட்டையாக வைத்து இரண்டு இழுப்பு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். சின்ன வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு வாஷிங் சோடா கரைசலில் எலெக்ட்ரோலிசிஸ் நன்றாக வேலை செய்யும். ஆனால் எதிர்த்தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, விஷமுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜனும் வெளியேறும், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள்.

கழற்றும்போது டேப்பர் பின்னை (கூம்பு ஆணி) சின்ன முனையிலிருந்து தட்டுங்கள். வரவில்லை என்றால் பெரிய சுத்தியல் எடுப்பதற்குப் பதில் அடுத்த முனையைப் பாருங்கள். ஹெட்ஸ்டாக்கைப் பெட்டிலிருந்து கழற்றவே வேண்டாம், தயவுசெய்து. எண்ணெய் விடும் துளைகளில் கிரீஸ் அடைக்காதீர்கள். பெட்டுக்கு ஐஎஸ்ஓ விஜி 68 ஸ்லைடு வே ஆயில், ஹெட்ஸ்டாக்குக்கு மேனுவலில் சொன்ன ஆயில்.

பொருத்திய பிறகு டேப்பர் வந்தால் உடனே தேய்மானம் என்று முடிவு கட்டாதீர்கள். பெட் முறுக்கியிருக்கலாம். மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவைக் காட்டும் லெவலைப் பெட்டுக்குக் குறுக்காக இரண்டு முனையிலும் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு காட்டும்வரை கால்களைச் சரிசெய்யுங்கள். பிறகு 40 மி.மீ. ராடைச் சக்கிலிருந்து 150 மி.மீ. நீட்டி, டெயில்ஸ்டாக் இல்லாமல், இரண்டு முனையிலும் மெல்லிய கட் எடுத்து மைக்ரோமீட்டரில் அளங்கள். வெளிமுனை பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலைத் துளி உயர்த்துங்கள்.

சக்கைத் திருகிப் பொருத்தும் வகை ஸ்பிண்டில் இருந்து, மோட்டாருக்கு விஎஃப்டி (வேகத்தை மாற்றும் மின்கருவி) போடுகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். வேகமாக பிரேக் பிடிக்கும்படி செட் செய்தாலோ, ஓடும்போதே ரிவர்ஸ் போட்டாலோ சக் தானாகக் கழன்று உங்கள் மேலேயே வரும். நிற்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். ரிவர்ஸில் கட் எடுக்கவே எடுக்காதீர்கள்.