பொத்தான் மாதிரி தெரிந்தால் போதாது

உலாவி ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததும் நிறம், எழுத்துரு, இடைவெளி எல்லாவற்றையும் கணக்கிட்டுத் திரையில் வரைகிறது. அது நம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. உதவிக் கருவி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு வேலையும் நடக்கும். அதே பக்கத்தை, அழகெல்லாம் கழித்து, தலைப்பு, பத்தி, இணைப்பு, பொத்தான் என்று கிளை கிளையாகப் பிரித்து நினைவகத்தில் அடுக்கிவைக்கும். இதற்கு அணுகல்தன்மை மரம் என்று பெயர். திரையில் இருப்பதைக் குரலில் கேட்கப் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பெரும்பாலும் இந்த மரத்தைத்தான் படிக்கிறது. அணுகல்தன்மையைக் கவனிக்கும் நிரலாளருக்குத் திரையைவிட இந்த மரம்தான் முக்கியம்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் இந்த ஏற்பாடே தேவைப்படவில்லை. எந்த வரியில் எந்த எழுத்து என்பது நினைவகத்தில் எழுத்தாகவே இருந்தது; அதை எடுத்துக் குரலாக்கினால் வேலை முடிந்தது. 1989இல் வந்த ஜாஸ் திரைவாசிப்பானின் முதல் பதிப்பு அந்தக் காலத்தது. பிறகு விண்டோஸ் வந்தது, எழுத்துகள் வெறும் புள்ளிக் கூட்டமாயின. 'இங்கே இதை வரை' என்று மென்பொருள்கள் இடும் கட்டளைகளை நடுவழியில் ஒட்டுக்கேட்டு, திரையில் என்ன இருக்கும் என்று ஊகித்துத்தான் வாசிப்பான்கள் காலம் தள்ளின. எதைப் பொத்தான் என்று நினைப்பது, எதை அலங்காரம் என்று விடுவது என்பதெல்லாம் அனுமானம். 1997இல் மைக்ரோசாஃப்ட் 'ஆக்டிவ் அக்சசிபிலிட்டி'யைக் கொண்டுவந்தபோது, தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை மென்பொருளே சொல்ல ஒரு வழி பிறந்தது. இன்றைய மரம் அந்த வம்சம்தான்.

மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் முக்கியமாக மூன்று தகவல்கள் இருக்கும்: அது என்ன, அதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. 'விதிகளை ஏற்கிறேன், தேர்வுப்பெட்டி, தேர்வு செய்யப்படவில்லை' என்று வாசிப்பான் சொல்வது இந்த மூன்றையும் கோத்துத்தான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் பொத்தானுக்கென்றே ஒரு குறி இருக்கும்போது, எந்தப் பொருளும் இல்லாத 'டிவ்' என்ற வெறும் பெட்டிக் குறி ஒன்றை எடுத்து, நீல நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, கிளிக் செய்தால் ஓடும்படி நிரல் எழுதிவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது பொத்தான். மரத்தில் அது பெயருக்கு ஒரு துண்டு உரை. டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் அங்கே நிற்காது.

இதைச் சரிசெய்ய 'ஆரியா' என்ற தரம் இருக்கிறது. 2014இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதன் முதல் பதிப்பை அதிகாரப்பூர்வமாக்கியது. டிவ்வுக்குப் பொத்தான் என்ற பங்கை, அதாவது 'அது என்ன' என்ற தகவலை, அதில் கொடுக்கலாம். ஆனால் ஆரியா மரத்தில் எழுதியிருப்பதை மட்டுமே மாற்றும், நடத்தையைத் தொடாது. டேப் வரிசையில் சேர்ப்பது, என்டரை அழுத்தியதும் இயங்குவது, ஸ்பேஸ் விசையை விட்ட பிறகு இயங்குவது எல்லாம் நிரலாளர் தனித்தனியாக எழுதவேண்டியவை. உண்மையான பொத்தான் குறியைப் போட்டிருந்தால் அத்தனையும் இலவசம். இருக்கிற குறியை விட்டுவிட்டு ஆரியாவைத் தேடாதே என்பதுதான் ஆரியாவின் முதல் விதியே. பாதி அறிந்து பூசிய ஆரியா, ஒன்றுமே பூசாததைவிட மோசம் என்பது என் கட்சி: பொத்தான் என்று சொல்லிவிட்டு அழுத்தினால் அசையாமல் இருப்பது பயனரை ஏமாற்றுவதாகும்.

பெயரும் இப்படித்தான். குப்பைத்தொட்டிப் படம் மட்டும் உள்ள பொத்தானுக்குப் பெயர் தராவிட்டால் வாசிப்பான் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். அதை அழுத்தினால் எது அழியும் என்று யாருக்குத் தெரியும்? படத்தில் இருப்பதைச் சொற்களில் சொல்லும் மாற்று உரையை எழுதாமல் விட்டால் சில வாசிப்பான்கள் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிக்கும். வெறும் அலங்காரப் படம் என்றால் மாற்று உரையைக் காலியாக விடவேண்டும். அப்போது படம் மரத்திலிருந்தே விலகிவிடும். காலியாக விடுவதும், எழுதாமலே விடுவதும் ஒன்றல்ல.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், வாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே தடுமாறக்கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரையோ இன்னும் பாவம்: கண்ணுக்கு 'அம்மா', மரத்தில் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்.

பார்வை குறைந்தவர்களுக்கு வரைந்த திரையும் முக்கியம். சாதாரண உரைக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்கின்றன இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்கள். வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற குறியெண் கொண்ட சாம்பல் நிறம் 4.48 வாங்கித் தோற்கிறது. 767676 ஏறக்குறைய 4.54 வாங்கித் தேறுகிறது. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கக் கூர்மையான கண்ணாலும் முடியாது என்பது வேறு கதை.

பெயர், பங்கு எல்லாம் சரியாக இருந்தும் பக்கம் மாறும்போது கோட்டைவிடலாம். உரையாடல் பெட்டி திறந்தால் விசைப்பலகையின் கவனம், அதாவது விசையை அழுத்தினால் எது இயங்குமோ அந்த இடம், அதற்குள் போகவேண்டும். எஸ்கேப் அழுத்தி மூடினால், திறந்த பொத்தானுக்கே திரும்பவேண்டும். திரையின் மூலையில் 'சேமிக்கப்பட்டது' என்று எழுத்து வந்து மறைந்தால், அந்த இடத்தை நேரலைப் பகுதி (மாற்றம் வந்தால் உடனே சொல்லவேண்டிய இடம்) என்று முன்பே குறித்திருந்தால்தான் வாசிப்பான் அதைச் சொல்லும்.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்று உரை இருக்கிறதா என்று பார்த்துவிடும். 'படம்1' என்று எழுதியிருந்தாலும் திருப்தியடைந்துவிடக்கூடும். எனவே விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானையோ, ஆப்பிள் கருவிகளில் உள்ளேயே இருக்கும் வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பானையோ ஓடவிட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை. இரண்டிலும் திரையை முழுக்கக் கறுப்பாக்கும் வசதி உண்டு. கண் தெரிகிற நிரலாளர்கள் அதைப் போட்டுக்கொண்டே சோதிப்பது நல்லது. இல்லாவிட்டால் காது தவறவிட்டதைக் கண் ரகசியமாக நிரப்பிவிடும்.