இறகில் ஒதுங்கும் பாதரசம்

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுத்து நின்றதை எல்லாரும் பார்த்தோம். எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிந்தது. பாதரசம் பறவைக்குள் போவது ஒருத்தர் கண்ணிலும் படாது.

நிலக்கரியில் துளியூண்டு பாதரசம் எப்போதும் உண்டு. அனல்மின் நிலையத்தில் எரித்தால் பெரும்பகுதி ஆவியாகிப் புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலப்பது வடசென்னைக்குப் புதிதில்லை. சரி, இந்த நிலையில் அதை ஒரு மீன் விழுங்கினாலும் குடல் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும்.

வில்லங்கம் சேற்றில்தான். காட்டுக்குப்பம் பக்கம் இறங்கி இறால் தடவுகிறவர்களைக் கேளுங்கள், முழங்கால் வரை புதையும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேறு. அதற்குள் ஆக்சிஜன் கிடையாது என்பதால் அங்குள்ள சில பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை வைத்து மூச்சு விடுகின்றன (நாற்றமும் அவற்றின் உபயம்தான்), போகிற போக்கில் பாதரசத்தோடு ஒரு மீத்தைல் தொகுதியையும் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) கோத்துவிடுகின்றன. இந்த வேலையைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் எவை என்பதே 2013இல்தான் தெரியவந்தது.

மீத்தைல் பாதரசம் ஆனபின் குடல் அதை ஏறக்குறைய முழுசாக உறிஞ்சிக்கொள்ளும். புரதத்தில் கந்தகம் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காரும், லேசில் கிளம்பாது. சேற்றுப்புழு சேர்த்தது கிழங்கானுக்கு, கிழங்கான் சேர்த்தது நீர்க்காகத்துக்கு என்று படிக்குப் படி செறிவு ஏறும். (ஈயம் இப்படி ஏறுவதில்லை. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளும், அது தனிக்கதை.)

பறவையிடம் இதை வெளியேற்ற ஒரு வழி இருக்கிறது. இறகு கெரட்டின் என்ற புரதம், கந்தகம் நிறைந்தது. புது இறகு முளைக்கும்போது இரத்தத்திலுள்ள பாதரசம் அதில் போய் மாட்டிக்கொள்ளும், வளர்ந்து முடிந்ததும் இரத்த ஓட்டம் நின்றுவிடுவதால் உள்ளே போனது அங்கேயே கிடக்கும், இறகு உதிரும்போது கூடவே தொலையும். பெட்டைக்கு முட்டை இன்னொரு வழி, ஆனால் அது குஞ்சின் தலையில் விடிகிறது.

அதனால்தான் ஆய்வாளர்கள் இறகு பொறுக்குகிறார்கள், பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் கழிமுகத்தில் கிடக்கிற ஏதோ ஒரு இறகு போதாது. வலசை வந்த பறவையின் இறகு, அது முளைத்த ஊரின் பாதரசத்தைத்தான் சொல்லும். எண்ணூரைப் பற்றித் தெரியவேண்டும் என்றால் இங்கேயே பொரித்து, இன்னும் கூட்டை விட்டுப் பறக்காத குஞ்சின் இறகு வேண்டும். அது தின்றதெல்லாம் தாயும் தகப்பனும் சுற்றுவட்டாரத்தில் பிடித்து ஊட்டிய மீன்.