கண்ணால் கேட்கிற பிள்ளையும் நம் வகுப்பறையும்

'பணம்', 'மணம்' இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'ம'வுக்கு மூச்சு மூக்கு வழியாகப் போவது வெளியே தெரியாது. 'க' உள்ளே, அடிநாக்கில் பிறக்கிறது. உதட்டில் அதற்குத் தடமே இல்லை. காது கேளாத மாணவன் உதட்டைப் பார்த்து ஒரு பகுதியைப் பிடிக்கிறான், மீதியை முன்பின் சொற்களை வைத்து ஊகிக்கிறான். நாள் முழுக்க இதே வேலை. மதியத்துக்கு மேல் அவன் கண் சோர்ந்துபோவதைக் கவனக்குறைவு என்று எழுதுவது பெரிய அநியாயம்.

காதுக்கருவி இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டில் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் எந்தக் கருவியும் பேச்சை மட்டும் சுத்தமாகப் பொறுக்கித் தராது. மின்விசிறியும் பெஞ்சு இழுக்கிற சத்தமும் கூடவே வரும். திறந்த வெளியில் பேசுபவரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். வகுப்பறையில் சுவர் எதிரொலி வேறு. ஆசிரியர் சட்டையில் சின்ன மைக் மாட்டி, குரலை நேராகக் கருவிக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

சரி, சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால்? "கோடு இங்கே வளைகிறது பாருங்கள்" என்று ஆசிரியர் வரைபடத்தைத் தொடுகிறார். மற்றவர்கள் காதால் கேட்டபடியே கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். காது கேளாத மாணவி மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் விரல் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. சொல்லிவிட்டுச் சில நொடி நிறுத்தி, அப்புறம் காட்டினால் போதும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதையும் விட வேண்டும்.

குழு விவாதம்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். யார் பேசுகிறார் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு காரணம் தெரியாமல் சேர்ந்து சிரிப்பது அந்தப் பிள்ளைக்குப் பழகிப்போகிறது. பேசுபவர் முதலில் கை தூக்கட்டும், ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும். காது கேட்கும் பிள்ளைகள்தான் இதைப் பழக வேண்டும்; சொல்லிக்கொடுத்தால் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள்.

2006இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கிய திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே காது கேளாத பிள்ளையைத் தனியாக ஒரு வகுப்பில் விடுவதில்லை. கேட்கும் பிள்ளைகளின் வகுப்பில் சிலரை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். கேட்கும் ஆசிரியரோடு காது கேளாத ஆசிரியரும் சேர்ந்து பாடம் நடத்துகிறார். கேட்கும் பிள்ளைகளும் சைகை மொழி கற்கிறார்கள்.