புத்தகக் காட்சிக்குள் வந்துவிடுமா?

நவம்பர் பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு ஒரே கேள்விதான்: "சார், ஜனவரி புத்தகக் காட்சிக்குள்ள வந்துடுமா?" 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு அறுவடைக் காலம். முதல் புத்தகம் போடுபவரின் அவசரம் புரிகிறது. ஆனால் அந்த அவசரத்தில்தான் பலர் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இருபது வருடமாகப் பிரதி செம்மையாக்கும் வேலையில் இருப்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு நாவல் என்றால் ஆஃப்செட்டில் 1,000 பிரதியாவது அடிப்போம். அதற்குக் குறைந்தால் அச்சுத் தகடு (பிளேட்) செலவே கட்டாது. விற்காத கட்டுகள் குடோனில் கிடக்கும், நஷ்டம் பதிப்பாளருக்கு. இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அடிக்கும் முறையில், 50 பிரதி, ஏன், ஒரே ஒரு பிரதிகூட அடிக்கலாம். இது நல்ல மாற்றம். உள்ளூர் வரலாறு, கவிதை, நாட்டார் வழக்காறு என்று இருநூறு பேர் மட்டுமே வாங்கக்கூடிய நூல்கள் இதனால்தான் வெளிவருகின்றன. ஆனால் சில இடங்களில் பதிப்பாளர் தலையிலிருந்து இறங்கிய செலவு அப்படியே எழுத்தாளர் தலையில் ஏறிவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். தன் ஊர்க் கதைகளைப் பல வருடம் அலைந்து சேகரித்தவர். ஒரு பதிப்பகத்தில் 300 பிரதி என்று பேசிப் பணம் கட்டியிருக்கிறார், கைக்கு வந்தது 50. மீதியை "ஆர்டர் வர வர அடிப்போம்" என்றார்களாம். எத்தனை விற்றது என்பதற்குக் கணக்கே இல்லை. யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை, அவருடைய ஊர்ப் பெயரே இரண்டு விதமாக அச்சாகியிருந்தது. ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும்" என்று ஒரு வரி.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை எழுதுகிற எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். உரிமையை மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், உரிமையாளர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் பொருள். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அந்த அம்மாவின் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை. அதாவது 5 ஆண்டுக்குப் பிறகு நூல் அவரிடமே திரும்பிவிடும். இதைச் சொன்னதும், "எனக்கு இப்பவே 71 ஆச்சே தம்பி" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன்: அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். விற்பனைக் கணக்கு எப்போது வரும் என்று தேதியோடு இருக்கட்டும். அப்புறம், நூலுக்கு நூல் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது.

நேர்மையான பதிப்பாளர்களின் பாட்டையும் சொல்ல வேண்டும். 200 ரூபாய் நூலில் கடைக்காரருக்குத் தரும் கழிவாக 70, 80 ரூபாய் போய்விடும். எழுத்தாளருக்கு ராயல்டி பத்து சதவீதம் என்றால் 20 ரூபாய். மிச்சத்தில்தான் காகிதம், அச்சு, அட்டை, வாடகை, சம்பளம். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, காகிதத்துக்கு உண்டு. புத்தகத்துக்கு வரி இல்லாததால், காகிதத்துக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. குறைந்த பிரதி அடிக்கும்போது ஒரு பிரதிக்கான அச்சுச் செலவும் கூடிவிடுகிறது. கை நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது எடிட்டிங்தான். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

இதற்கு மேல் அனுமதியில்லாமல் சுற்றும் பிடிஎஃப். ஜனவரியில் வெளியான நூல் பொங்கல் முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. வாசிப்பை வளர்க்கிறோம் என்று நினைத்துத்தான் பலர் அனுப்புகிறார்கள். தெரிந்தே செய்தால் இது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், 5,000 பிரதி விற்கும் நூல் இதைத் தாங்கிக்கொள்ளும். 200 பிரதி நூலுக்கு முப்பது வாசகர்கள் போனால் அடுத்த பதிப்பே கிடையாது.

அந்த ஆசிரியையின் நூலில் இதுவரை 140 பிழைகளைக் குறித்து வைத்திருக்கிறோம். அந்த 5 ஆண்டு முடிந்து இரண்டாம் பதிப்பு போட இன்னும் மூன்றரை வருடம் காத்திருக்க வேண்டும்.