லாகர்: கிடங்கில் பிறந்த சொல்

லாகர் என்றால் லைட் பீர் என்று ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பலர் நினைக்கிறார்கள். நிறத்துக்கும் போதைக்கும் இந்தச் சொல்லோடு உறவில்லை. டாஸ்மாக்கில் ‘ஸ்ட்ராங்’ என்று கேட்டு வாங்குகிற பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் லாகர்தான். குளிரில் நாள்கணக்காக வைத்திருந்து பக்குவப்படுத்திய பியர் என்பதே இதன் பொருள்.

ஜெர்மன் மொழியில் லாகர் என்றால் கிடங்கு. ‘லாகர்ன்’ என்றால் சேமித்து வை. படுத்திருத்தல், கிடத்தல் என்று பொருள்படும் ‘லீகன்’ என்ற வினையின் குடும்பம் இது. தமிழிலும் ‘கிட’ என்ற வினையிலிருந்துதான் கிடங்கு வந்தது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கிடங்கு எதற்கு? ஜெர்மனியின் பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பியர் கெட்டுப்போகும். 1553இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சக் கூடாது என்று ஆணையிட்டார். குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் பனிக்கட்டியோடு அடுக்கி, கோடை முழுக்க வைத்துக் குடித்தார்கள். அந்தக் குளிரிலும் சோர்ந்துவிடாமல் மெதுவாக வேலை செய்கிற ஈஸ்ட் வகை அங்கே நிலைபெற்றது. நொதித்து முடிந்ததும் அது அடியில் படிந்துவிடும். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் அந்த ஈஸ்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அதற்குள் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிர்பதன இயந்திரமும் வந்துவிட்டதால், லாகர் உலகம் முழுக்கப் பரவியது.

இன்றும் முறை அதேதான். சுமார் 8 முதல் 13 டிகிரியில் நொதிக்கவிட்டு, பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். சிறிய காய்ச்சகங்களுக்கு லாகர் கஷ்டமான சரக்கு. தொட்டி அத்தனை நாள் அடைபட்டுக் கிடக்கும். அந்த நேரத்தில், அத்தனை குளிர் இல்லாமலே சீக்கிரம் நொதிக்கும் ஏல் என்ற பியர் வகையை இரண்டு தடவை இறக்கிவிடலாம்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரில் கைவினை பியர் காய்ச்சும் கூடங்கள் நிறைய. அங்கே ஹெல்லெஸ் கிடைத்தால் கேளுங்கள். 1894இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் காய்ச்சகம் கொண்டுவந்த வெளிர்ப் பொன்னிற லாகர் அது. வந்தவுடன் குடிக்க வேண்டாம். நம் ஊர் ‘செம கூலிங்’ நாக்கை மரத்துப்போகச் செய்யும். கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கத்துப் பனித்துளிகள் வழிய ஆரம்பிக்கட்டும். பிறகு நுரைக்கு மேலே மூக்கை வைத்துப் பாருங்கள். தர்மபுரிப் பக்கம் முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை ராகி மால்ட்டுக்கு வறுக்கும்போது எழுமே, அதன் மென்மையான வடிவம் அந்த வாசம். பியருக்கான பார்லியையும் அப்படித்தான் முளைகட்டிக் காயவைக்கிறார்கள். வாயில் முதலில் தானிய இனிப்பு, பின்னால் ஹாப்ஸ் பூவின் பச்சிலைக் கசப்பு, அப்புறம் சுத்தமாக முடிந்துவிடும். வாழைப்பழ வாசமோ கிராம்பு வாசமோ லாகருக்கு ஆகாது. அவை கோதுமை பியருக்கு அழகு. வெண்ணெய் வாசம் வந்தால், பெரும்பாலும் பக்குவமாகும் முன்பே இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம் இது. அதனாலேயே எனக்கு இதன் மேல் மரியாதை.

இனித் தமிழ்ச் சொல். ‘கிடங்கு பியர்’ என்றால் விற்காமல் தேங்கிய சரக்கு என்று காதில் விழும். இதைவிடப் பொருத்தமான சொல் தகடூரிலேயே, அதாவது இன்றைய தர்மபுரியிலேயே இருக்கிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், புறநானூற்றின் 392ஆம் பாட்டில், பொற்கலத்தில் அவன் தந்த மதுவை ‘தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்’ என்கிறார். பல நாள் வைத்திருந்து, தேள் கொட்டியது போலக் கடுப்பேறிய தெளிந்த மது. நாட்படு! லாகர் சொல்ல வருவதும் இதைத்தான். பாரியைப் பாடிய கபிலரோ 120ஆம் பாட்டில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலையே காட்டுகிறார்.

அப்படியானால் லாகரை ‘நாட்படு தேறல்’ என்றே சொல்லிவிடலாமா? தேறல் என்பது தேறு, அதாவது தெளி என்பதிலிருந்து வந்தது. கெல்லர்பியர் போன்ற வடிகட்டாத கலங்கல் லாகர்களும் உண்டு. தவிர, தேறல் எந்த மதுவுக்கும் பொருந்தும். பியர் தானியத்தில் செய்வது. நெல்லில் செய்த கள்ளுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் ‘தோப்பி’ என்ற தனிப் பெயர் உண்டு. ஆகவே பியருக்குத் தோப்பி, லாகருக்கு நாட்படு தோப்பி என்பது என் தேர்வு. ஹெல்லெஸை வெளிர்தோப்பி என்றும் கறுத்த டுங்கெல்லைக் கருந்தோப்பி என்றும் எழுதலாம். பேச்சில் லாகர் என்றே சொல்லுங்கள், தவறில்லை. எழுதும்போது ‘லேகர்’ மட்டும் வேண்டாம். ஜெர்மன் ஒலிப்பில் முதலெழுத்து ‘லா’தான்.