நாடகத்தில் வரும் பிள்ளையும் வீட்டில் இருக்கும் பிள்ளையும்

பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. அவள் திடீரென்று சிரிக்க, கமரா மூன்று தடவை முகத்தை நெருங்குகிறது, பின்னால் இடி முழங்குகிறது. வாசலில் நிற்கும் தாய் வாயைப் பொத்திக்கொள்கிறாள். தொடரும்.

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருந்து மூதூர் வரைக்கும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் டிஷ் இணைப்புள்ள எத்தனையோ வீடுகளில் இப்படியான காட்சிகள் ஓடுகின்றன. இவை ஏன் இப்படி எடுக்கப்படுகின்றன, பார்த்துப் பார்த்து எங்கள் மனதில் என்ன பதிகிறது என்பதை விளங்கிக்கொள்வது வளரிளம் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான விஷயம் என்று நினைக்கிறேன்.

முதலில் நாடகத்தின் பக்கம். கமராவால் முகத்தையும் கையையும் காட்ட முடியும், மனதுக்குள் நடப்பதைக் காட்ட முடியாது. தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு திருப்பமும் வேண்டும். ஆகவே மனநோய் திரைக்கு வரும்போது கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக மாற்றப்படுகிறது: அலறல், பொருட்களை உடைத்தல், குரல் மாறிப் பேசுதல், உயிரை மாய்க்க முயலுதல். குணமாவதும் அப்படித்தான். ஒரு கன்னத்து அறை, ஒரு காதல், ஒரு நேர்த்திக்கடன், அடுத்த கிழமை பிள்ளை பழையபடி சிரிக்கிறாள்.

வீட்டில் நடப்பது வேறு. தரம் பத்தில் படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் கிரிக்கெட்டுக்குப் போவதை விட்டுவிட்டான். திங்கட்கிழமை காலையில் வயிற்றுக்குத்து என்கிறான், மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த எதுவும் கேட்கவில்லை. தங்கச்சி பேனையை எடுத்தால் எரிந்து விழுகிறான். டியூஷன் கொப்பியில் பாதிப் பக்கம் வெறுமை. இதில் எந்த நாடகக் காட்சியும் இல்லை. ஆனால் வளரிளம் பருவத்து மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. இந்த வயதில் அது அழுகையாக வராமல் எரிச்சலாக வரலாம், உடம்பு நோவாக வரலாம். ஒருநாள் இரண்டுநாள் கோபம் யாருக்கும் வரும். மருத்துவர்கள் பார்ப்பது, பெரும்பாலான நாட்களில், இரண்டு கிழமைக்குக் குறையாமல், படிப்பையும் விளையாட்டையும் நட்பையும் பாதிக்கும் அளவுக்கு அது நீடிக்கிறதா என்பதைத்தான்.

ஏன் இந்த வயதில்? மூளையில் உணர்ச்சியையும் வெகுமதியையும் கையாளும் பகுதிகள் பதின்ம வயதில் வேகமாக விழித்துக்கொள்கின்றன. பொறுத்திருந்து யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். வேகம்கூடிய மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் பிறகுதான் பூட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு, தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் இந்த வயதில் இரவில் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. காலை ஏழரைக்குப் பாடசாலை, பள்ளி விட்டதும் டியூஷன் என்றிருக்கும் பிள்ளைக்குத் தூக்கம் நாள்தோறும் குறைகிறது. அதைச் சோம்பல் என்று ஏசுகிறோம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரையான ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருக்கிறது.

நாடகங்கள் மிகவும் தவறாகக் காட்டுவது மனச்சிதைவை. ஒரே இரவில் இன்னொரு ஆளாக மாறி, கத்தியோடு நிற்கும் பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ, பெரும்பாலும் மெல்ல மெல்லத் தொடங்குகிறது. படிப்பு சரியும், நண்பர்கள் விலகுவார்கள், யாரோ கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும், பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்கும். மாதக்கணக்கில் நீளும் இந்த ஆரம்பக் காலத்திலேயே சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் தாக்கப்படுவதற்கான வாய்ப்புத்தான் அதிகம்.

சரி, நாடகம் பொய் என்று எல்லோருக்கும் தெரியும்தானே, அது எப்படி மனதில் பதியும்? அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் கெர்ப்னர் 1960களின் கடைசியில் இருந்து இதை ஆராய்ந்தார். ஒரு கதையை நம்புவது வேறு, நூறு கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சித்திரம் படிவது வேறு என்பதுதான் அவருடைய வாதம். தொலைக்காட்சி அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தையே அதன் சாயலில் மதிப்பிடத் தொடங்குகிறார்கள். ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு வீட்டில், பேத்தியை மனநலக் கிளினிக்குக்குக் காட்டலாமே என்று மருமகள் சொன்னதற்கு, “அவளுக்கு என்ன விசரே? கத்துறாளே, உடைக்கிறாளே?” என்று அப்பம்மா கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அவர் பேத்தியில் தேடிய அடையாளங்கள் எல்லாம் திரையில் பார்த்தவை. பிள்ளை இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாதது அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. “நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில இருந்து படிச்சனாங்கள், உனக்கு என்ன குறை?” என்று சொல்லும் பெற்றோர் பலர். போரையும் 2004 சுனாமியையும் கடந்து வந்தவர்களின் வேதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் மனச்சோர்வு வசதி குறைவைக் கணக்குப் பார்த்து வருவதில்லை.

அடுத்தது இன்னும் பாரதூரமானது. 1981இல் மேற்கு ஜேர்மனியில் ஒரு மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொள்வதைக் காட்டும் ஆறு பகுதி நாடகம் ஒளிபரப்பானது. அதைத் தொடர்ந்த கிழமைகளில் அதே வழியில் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. 15 முதல் 19 வயது வரையான ஆண்பிள்ளைகளிடையே, அதாவது வயதாலும் பாலாலும் அந்தப் பாத்திரத்துக்கு மிக நெருக்கமானவர்களிடையே, அது மிகவும் கூடியது. 1982இல் மறுஒளிபரப்புக்குப் பிறகும் சிறிய அளவில் அதே போக்கு தெரிந்தது. 2017இல் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ‘13 ரீசன்ஸ் வை’ தொடரைச் சுற்றியும் இதே கேள்வி எழுந்தது. வெளியான அடுத்த மாதம் அமெரிக்காவில் 10–17 வயதினரின் தற்கொலை கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது, வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி கணக்கிட்டு அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். எப்படியும் அதில் ஒரு மாணவி தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியை 2019 ஜூலையில் நெட்பிளிக்ஸ் நீக்கிவிட்டது.

தன்னைப் போன்ற ஒருவர் ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கும்போது, ஏற்கெனவே வேதனையில் இருக்கும் மனதுக்கு அந்த வழி சாத்தியமான ஒன்றாகத் தோன்றத் தொடங்குகிறது. இறந்த பிறகு எல்லோரும் அழுது வருந்துவதாகக் காட்டினால் அது இன்னும் ஆபத்து. அந்த வருத்தத்தைப் பார்க்க அந்தப் பிள்ளை இருக்கப்போவதில்லை என்பதை நாடகம் மறைத்துவிடுகிறது.

இதே பொறிமுறை மறுபக்கமும் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை. வியன்னாவின் தோமஸ் நீடர்குரோட்டென்தாலரும் சக ஆய்வாளர்களும் 2010இல் ஒஸ்திரியப் பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்தார்கள். சாக நினைத்து, பிறகு அந்த நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகு தற்கொலை குறைந்திருந்தது. இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசை நாடகம் (ஓபரா) ஒன்றில் சாகத் துணிந்து, மூன்று சிறுவர்கள் வேறு வழி சொன்னதும் மனம் மாறும் பப்பகேனோவின் பெயரை இந்த விளைவுக்கு வைத்தார்கள்.

ஆகவே கதை எழுதுபவர்களிடம் நான் கேட்பது, கிளினிக்கைக் காட்டுங்கள். அரச வைத்தியசாலையின் நீள வாங்கில் கிளினிக் கொப்பியோடு காத்திருக்கும் தாயும் மகளும். அவள் எப்போது தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், கிளாசில் யாரோடு இருக்கிறாள் என்று நிதானமாகக் கேட்கும் வைத்தியர். மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்யச் சில கிழமைகள் ஆகும், இடையில் பலனில்லை என்று நிறுத்திவிட நினைக்கும் பிள்ளை, இரண்டாம் தடவை கூட்டிப்போகும் தகப்பன். இதிலும் திருப்பம் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது. கோயிலில் நூல் கட்டுவதையோ பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதையோ கேலி செய்யத் தேவையில்லை. அங்கே போகும் குடும்பம் கிளினிக்குக்கும் போவதைக் காட்டினால் போதும்.

பார்ப்பவர்கள் செய்யக்கூடியது, பிள்ளைகளோடு சேர்ந்திருந்து பார்ப்பது. காட்சி முடிந்ததும் “உனக்கும் எப்பவாவது இப்பிடி இருந்திருக்கா?” என்று கேட்கலாம். “சாகலாம் எண்டு தோன்றினதா?” என்றும் நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தொலைபேசியில் பேச, இலங்கையின் எந்தப் பகுதியிலிருந்தும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.